கிராணியாரின் ஓரம் வெட்டாத கெமிஸ்ட்ரி

ஆராய்ச்சியாளர் ஆவதென்று கணேசமூர்த்தி முடிவெடுத்த நாளிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவதை நிறுத்திவிட்டார். விறகு பிளப்பதும் அன்றோடு போயிற்று. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. பகலெல்லாம் ரப்பர் பாலில் ஆசிட் கலப்பதை மேற்பார்வை பார்க்கும் மனிதருக்குக் கெமிஸ்ட்ரியின் மேல் ஆசை வருவது இயல்புதான். அந்த ஆசை படிப்பில் போய் முடிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது பழங்காகிதம் சேர்ப்பதில் போய் முடிந்தது.

பக்கத்திலுள்ள ராசா என்ற ஊரில் மதார் மைதீன் என்று ஒரு மளிகைக்கடைக்காரர். சீமைக்குத் திரும்பும் துரைமார் விட்டுப்போகும் புத்தகங்களைப் பொட்டலம் மடிக்க வாங்கிப் போடுவார். அந்தக் குவியலில்தான் கணேசமூர்த்தி தம் முதல் புதையலைக் கண்டெடுத்தார். நூறு வருஷத்துக்கு முன் எவனோ ஒரு வெள்ளைக்காரன் உப்பையும் திராவகத்தையும் பற்றி எழுதி, முதன்முதலாக அச்சேறிய கட்டுரை. மறு அச்சு என்றால் அவர் தொடமாட்டார். முதல் அச்சாக இருக்கவேண்டும். அதிலும் ஓரம் வெட்டாததாக இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் பெரிய தாளை மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவன்தான் மடிப்பைக் கத்தியால் கிழித்துப் படித்துக்கொள்ளவேண்டும். கிழிபடாமல் இத்தனை காலம் தப்பியது என்றால் அதற்குத் தனி மரியாதை.

ஆகவே அவர் எதையும் கிழிக்கவில்லை. கிழிக்காததால் படிக்கவும் இல்லை. சாயங்காலமானால் நாற்காலியில் சாய்ந்து, ஒரு கட்டுரையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் மறைவில் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், ஆராய்ச்சி.

அவர் மனைவி நீலாவதி ஏழாவது வரை படித்தவள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து, தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட பிறகு, பால்வெட்டுப் பெண்கள் சாயங்காலத்தில் எங்கும் போக முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை.

“ஊரடங்குக்கு முன்னாடி ஒரு மணி நேரம்தாங்க. நீங்க உலையை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்.”

“உலையா? நீலா, நான் இப்ப ஒரு வெள்ளைக்காரனோட மூளைக்குள்ள இருக்கேன்.”

“எப்ப வெளிய வருவீங்க?”

“சோறு ஆனதும் கூப்பிடு.”

அவரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அந்த நாட்களில் தோட்டத்தில் மூடியது என்று எதுவுமே கிடையாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமென்று பால் டின்னைக்கூடக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டில் முந்தானையை உதறிக் காட்டவேண்டும். எல்லாம் திறந்து கிடந்த இடத்தில், யாரும் திறக்காத ஒன்று தம் கையில் இருக்கிறதே என்பது அவருக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. இதை மனைவியிடம் சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். சொல்ல வாய் வரவில்லை. ஆராய்ச்சி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலாவதியே ராசா கோயிலுக்குப் போய்வரலாம் என்றாள். கும்பிட்டு முடிந்ததும், “பாய் கடையை ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்களேன்” என்றும் சொன்னாள். கணேசமூர்த்தி உருகிப்போனார். இப்படி ஒரு மனைவி கிடைக்க முற்பிறவியில் என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்துக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். அன்று கிடைத்தது ஒரு ஜெர்மன் கட்டுரை. முதல் அச்சு, ஓரம் வெட்டாதது. சட்டைக்குள் சொருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

தோட்டத்து கேட்டில் காவல் நிற்கும் முனியாண்டி, கிராணியாரைக் கண்டால் சலாம் வைத்து உள்ளே விட்டுவிடுவான். அன்று பக்கத்தில் சார்ஜன் இராஜமாணிக்கமும் நின்றிருந்தார். கேட்டை ஒட்டிய போலீஸ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“சட்டைக்குள்ள என்ன, கிராணி?”

“காகிதம், சார்ஜன். கெமிஸ்ட்ரி.”

சார்ஜன் வாங்கிப் புரட்டினார். பக்கம் புரளவில்லை.

“எல்லாம் மூடியிருக்கு. உள்ள என்ன?”

“ஆசிட் பத்தித்தான் எழுதியிருக்கும் லா.”

“எழுதியிருக்குமா, எழுதியிருக்கா? மூடினது எதுவும் உள்ள போகக்கூடாது. முனியாண்டி, கத்தியை எடு.”

பக்கத்துத் தோட்டத்தில் லாரியைக் கொளுத்திய பிறகு, சந்தேகம் என்றாலே சிரம்பான் ஜெயிலுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனாலும் சிரம்பானைவிடக் கத்திதான் கணேசமூர்த்தியை அதிகம் பயமுறுத்தியது.

“வேணாம் சார்ஜன். இந்த மாதிரி வீட்டுல ஒரு பெட்டி நிறைய இருக்கு. அத்தனையும் வரி விடாம படிச்சவன் நான். ஒண்ணுலயும் தப்பா எதுவுமில்ல. வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க.”

“ஆமாங்க, தினமும் சாயங்காலம் படிப்பாரு” என்றாள் நீலாவதி பணிவாக.

“அப்ப பெட்டியைப் பார்ப்போம். பக்கமெல்லாம் பிரிஞ்சிருந்தா நீங்க சொல்றது நிஜம். ஒட்டிக்கிட்டிருந்தா பொய். பொய்னா அத்தனையும் கத்தி போட்டுப் பார்த்தாகணும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். பெட்டி முழுவதும் கிராணியாரின் கண்ணுக்குள் வந்து நின்றது.

“சார்ஜன், நான் ஒண்ணையும் படிச்சதில்ல. சேர்த்துத்தான் வைக்கிறேன். ஜெர்மன் எனக்குத் தெரியவும் தெரியாது.”

“அப்ப சாயங்காலமெல்லாம் என்ன செய்வீங்க?”

பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் பதிலுக்குக் காத்திருந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு இருப்பேன்.”

கூட்டம் சிரித்தது. நீலாவதி சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“பெட்டியைத் தூசி தட்டுறவ நான்தானேங்க. அசதியா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே பாய் விரிச்சுப் போட்டிருப்பேன். மூளைக்குள்ள போனதாச் சொன்னதுதான் மனசு ஆறல.”

கணேசமூர்த்தி வெட்கப்பட்டார். நடிப்பில்லாத, நிஜமான வெட்கம். ஊரார் முன்னாலேயே சொல்லிவிட்டார்: “நாளையிலேர்ந்து உலையை நான் பார்த்துக்கிறேன். தண்ணியும் நான்தான். நீ போய்ச் சொல்லிக்கொடு.”

சார்ஜன் மடிப்புகளை விரலால் லேசாக விரித்து, கீழ்ப்பக்கமாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையசைத்து, கசங்காமல் திருப்பிக் கொடுத்தார். கிராணியார் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். உள்ளே பார்க்கக் கத்தியே தேவைப்படவில்லையே என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று திரும்பினார்.

கேட்டருகே பின்தங்கியிருந்த நீலாவதியிடம் சார்ஜன் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “உங்ககிட்ட எழுத்துப் படிக்க என் வீட்டுக்காரி சிலேட்டு வாங்கி வச்சு ஒரு வாரமாச்சுக்கா. நாளைக்காச்சும் ஆரம்பிச்சிடுவீங்கல்ல?”