கும்மிருட்டில் கண் கூசிய கதை

ஒளிச்சித்தர் வருகிறார் என்றதும் தெருவே புதுத் தையற்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. ஜன்னல் வைத்து வீடு கட்டியவர்கள் கவலையோடு நின்றார்கள். வைக்காமல் கட்டியவர்கள் அதைவிடக் கவலையோடு நின்றார்கள். சூரியன் வெளிச்சத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறது. அதில் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துச் சொல்லத்தான் சித்தருக்குக் காணிக்கை.

சித்தர் பட்டுத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். நூலில் ஒரு செம்புக் குண்டைத் தொங்கவிடுவார். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று நெற்றிக்கண்ணால் பார்த்துச் சொல்வார். சொன்னது சரியாகவே இருக்கும். எப்படி என்று கேட்டால் பாவம் வரும் என்பதால் யாரும் கேட்கவில்லை.

கூடத்தைச் சுற்றி வந்தவர் வடக்கு ஜன்னல்களுக்கு முன்னால் நின்றார். குண்டு ஆடியது.

"இது மந்த ஒளி. தொழிலை உறிஞ்சிடும். செங்கல் வச்சு அடைச்சிடு. உள்ளே என் அருள் பல்பை மாட்டு."

அருள் பல்புகள் அவர் வண்டியிலேயே பெட்டி பெட்டியாக இருந்தன. என்ன பொருத்தம் பாருங்கள்.

முதலாளி கைகட்டித் தலையாட்டினார். கொத்தனார் சிமெண்ட் கலவையே குழைத்துவிட்டார். தையல்காரப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழைய கூடத்தில் மங்கிய பல்புக்குக் கீழே தைத்துத் தைத்துத் தலைவலியும் கண்ணெரிச்சலும் வாங்கியவர்கள். ஜன்னல் போனால் மறுபடியும் அதே கதிதான்.

அந்த ஜன்னல்களை வரைந்தவள் முதலாளியின் கொழுந்தியாள், கட்டடப் பொறியாளர். வெயில் சுடக்கூடாது, வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்று வடக்கில் வைத்தாள். காலை, மதியம், மாலை என்று ஒவ்வொரு தையல் மெஷின் மேலும் மீட்டரை வைத்து வெளிச்சத்தை அளந்தாள். பகலில் ஒரு பல்பும் தேவையில்லை என்று காட்டினாள். இப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, அளந்து காட்டினேனே. மறந்துட்டீங்களா?"

"உன் மீட்டருக்கு பேட்டரி போடணும்மா. சாமிக்குப் போடணுமா?"

கூட்டம் சிரித்தது.

"சரி, சாமி இன்னொரு தடவை பார்க்கட்டும். சரியாச் சொன்னா முதல் செங்கல்லை நானே எடுத்துத் தரேன்."

பட்டு அழுக்காகிவிடும் என்று சொல்லி, ஒரு கறுப்புத் துணியைப் பஞ்சு வைத்து மடித்து அவளே கட்டினாள். சித்தர் நெளிந்தார். நெற்றிக்கண்ணைப் பஞ்சு மறைக்கிறது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"மெஷினை ஓட்டுங்கம்மா," என்றாள். அந்தச் சத்தத்தில் ஜன்னல் பலகைகளையும் கதவையும் சாத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். கூடம் கும்மிருட்டானது.

"சாமி, வடக்கே எப்படி?"

"கொட்டுது. மந்த ஒளி வெள்ளமாக் கொட்டுது."

இருட்டில் யாராவது சிரித்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை.

"ஆமா சாமி, கண்ணு கூசுது," என்றது ஒரு குரல்.

"எனக்குக் கண்ணீரே வந்துடுச்சு," என்றது இன்னொன்று.

மெய்சிலிர்த்த முதலாளி தடவிக்கொண்டே போய்ச் சித்தர் காலில் விழுந்தார்.

"முதலாளி, என் காலை விடுங்க," என்றார் கொத்தனார். "கலவை மிதிச்ச காலு."

"கண்ணு கூசினவங்க எல்லாம் ஆளுக்கொரு ஊசி வாங்கிக்குங்க," என்றாள் கொழுந்தியாள். "இந்த வெள்ளத்துல நூலைக் கோத்துக் காட்டுங்க."

கொஞ்ச நேரம் விரலில் குத்திக்கொண்ட முனகல்தான் கேட்டது. ஒருவரும் கோக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்தார்கள். தையல்காரப் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் கோத்து நீட்டினாள். முதலாளியின் மூக்கில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

கண்கட்டை அவிழ்த்த சித்தர் அசரவில்லை. "நான் பார்த்தது நேத்து வந்த வெளிச்சம்."

"அப்ப காணிக்கையையும் நேத்தே வாங்கியிருக்கணும்," என்றவள், பட்டுத் துணியை எடுத்து முதலாளிக்குக் கட்டினாள். "மாமா, கீழ்ப் பார்வை பாருங்க."

"மூக்கோரமா எல்லாம் தெரியுதேம்மா."

"அதான் மாமா நெற்றிக்கண்ணு."

சித்தரின் வண்டி பல்புகள் குலுங்கப் பறந்தது. கொத்தனார் கலவையை வாசற்படி ஓட்டைக்குப் பூசினார். கூட்டத்தில் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"நான் போன மாசமே எங்க வீட்டு ஜன்னலை அடைச்சுட்டேனே?"

"செங்கல்லை எடுத்தா வெளிச்சம் வந்துடும் அண்ணே," என்றார் கொத்தனார்.

எடுக்க நல்ல நேரம் எது என்று கேட்க, அவர் இன்னொரு சாமியைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். வெளிச்சம் வரும் நல்ல நேரம் பகல்தான் என்று சொல்லவும் ஒரு சாமி வேண்டுமா, நீங்களே யோசியுங்கள்.