தகரங்கள் அகற்றப்பட்ட வரலாறு

வெள்ளைக்காரர் இந்த மலைநாட்டுக்குச் செய்த உபகாரங்களில் தலையாயது எது என்று கேட்டால், சிலர் ரயில் பாதை என்பார்கள், சிலர் தேயிலை என்பார்கள். இரண்டு கட்சிக்காரரும் தோட்டத்து ஆபீசில் ஒருநாள்கூட உட்கார்ந்து எழுதாதவர்கள். தலையாய உபகாரம் ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையே. அதிலும் துணை வாக்கியத்துக்குள் உட்கார்த்தி வைக்கப்படும் செயப்பாட்டு வினை இருக்கிறதே, அதற்கு ஈடு இணை கிடையாது. றொசல்லவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்த ஞானரட்ணமாகிய நான், வேதபுத்தகத்தின்மேல் கைவைத்து இதைச் சொல்வேன்.

விளங்காதவர்களுக்காக விளக்குகிறேன். 'துரை கூரையைப் பிடுங்கினார்' என்பது பாமரர் பேச்சு. அதில் துரையும் நிற்கிறார், கூரையும் நிற்கிறது, நடுவில் சண்டையும் வந்து நிற்கிறது. 'கூரை அகற்றப்பட்டது' என்று எழுதிவிட்டால் துரை நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடலாம். இன்னும் ஒருபடி மேலே போய், 'கூரை அகற்றப்பட்டது என்பதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகிறது' என்று எழுதினாலோ, முன்வாசலில் வருத்தம் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும். நடந்த காரியம் பின்கட்டில் துணை வாக்கியமாகச் சுருண்டு படுத்திருக்கும். அங்கே போய் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. 'இட் இஸ் ரிக்ரெட்டட் தட்' என்று நான் பேனாவை எடுத்தால், அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் எந்த மனிதனும் எதையும் செய்திருக்கமாட்டான். இப்படி ஒரு நாகரிகம் நம் பேச்சில் உண்டா? நம் ஜனங்கள் 'எவன் செஞ்சான்?' என்பதில்தான் ஆரம்பிக்கவே செய்கிறார்கள்.

ஐம்பத்தேழாம் வருடம் மே மாதம் எங்கள் பெரிய துரை ஹார்கிரீவ்ஸ் புதிதாக ஒரு கார் வாங்கினார். காருக்குக் கொட்டகை வேண்டும், கொட்டகைக்குத் தகரம் வேண்டும். கொழும்பிலிருந்து தகரம் வர மூன்று மாதம் ஆகும் என்று தெரிவிக்கப்பட்டது. அந்தச் சமயத்தில், தொழிலாளர் வரிசைவீடான ஏழாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பிராவில், அதாவது கடைசி அறையில், பன்னிரண்டு நல்ல தகரங்கள் 'உபயோகமின்றி' இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அவற்றின் கீழே பூரணி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவள் புருஷன் மூக்கனும் குடியிருந்தார்கள் என்பது உண்மை. பூரணிக்கு எட்டு மாதம் என்பதும் உண்மை. ஆனால் இவையெல்லாம் துணை வாக்கியத்தில் போகவேண்டிய விஷயங்கள். உத்தரவாக ஒரு துண்டுச் சீட்டு எழுதப்பட்டது. நான்கு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். தகரங்கள் அகற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாகப் பழைய தார்ப்பாய்ப் படங்கு ஒன்று குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டது.

றொசல்லப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு, படங்கு எத்தனை நாள் தாங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மூன்று நாள் தாங்கியது.

இங்கே எங்கள் தோட்டத்தின் அருமையான வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். லயத்தில் யாருக்கும் இங்கிலீசு தெரியாது. தமிழில் மனுக் கொடுத்தால் துரை தொடமாட்டார். ஆகவே குறை உள்ளவர்கள் மாலையில் என் வீட்டுக்கு வருவார்கள். நான் இங்கிலீசில் மனு எழுதிக் கொடுப்பேன். மறுநாள் காலை அது ஆபீசுக்கு வரும். துரை அதை என் மேசையில் போட்டு, "பதில் எழுதும்" என்பார். நானே பதில் எழுதுவேன். பதில் லயத்துக்குப் போகும். அதை வாசித்துச் சொல்லும்படி தூக்கிக்கொண்டு என்னிடமே வருவார்கள். நீதி இவ்வளவு சுருக்கமான பாதையில் சுற்றிவரும் இடம் உலகத்தில் வேறு இல்லை.

பூரணியைக் கூட்டிக்கொண்டு தொழிற்சங்கத் தலைவன் கந்தப்பன் வந்தான்.

"கிளாக்கரய்யா, தகரத்த புடுங்கிட்டாங்க, மழ வலுக்க முன்ன திருப்பிப் போட்டுக் குடுங்கன்னு எழுதுங்க."

"அப்படி மொட்டையா எழுதினா துரை முகத்தச் சுளிப்பாரு கந்தப்பன்."

"பின்ன எப்பிடிங்க?"

"'தகரங்கள் அகற்றப்பட்டதாகக் கருதப்படுவதால், அவை மீண்டும் பொருத்தப்படுவது விரும்பப்படுகிறது.'"

பூரணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கருதப்படுதுங்களா? படுத்துக்கிட்டே பாத்தா ஆகாசம் தெரியுதுங்க."

"ஆகாசத்தையெல்லாம் மனுவுல போட முடியாது புள்ள."

மறுநாள் காலை என் மனு எனக்குக் கிடைத்தது. நல்ல மனு. ஆனாலும் ஆபீசின் மானம் என் கையில் அல்லவா இருக்கிறது? எழுதினேன்: 'தகரங்கள் அகற்றப்பட்டதாகக் கருதப்படுவது கவனிக்கப்பட்டுள்ளது. அவை அகற்றப்பட்டிருந்தால், எவ்வாறு அகற்றப்பட்டன என்பது விசாரிக்கப்படும் என நம்பப்படுகிறது.'

அன்று மாலை அதைக் கந்தப்பனுக்கு வாசித்துச் சொன்னபோது எனக்கே கோபம் வந்தது. இதென்ன பதில்! அன்றைக்கே காரமாக ஒரு மனு எழுதினேன். மறுநாள் ஆபீசில் அந்தக் காரம் எனக்குப் பிடிக்கவில்லை. குத்தலாகப் பதில் கொடுத்தேன். இப்படி மூன்று வாரத்தில் எனக்கும் எனக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து பதினொன்று. துரை அவற்றை ஒன்றாக வைத்துப் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். "ஞானரட்ணம், பதினோரு கடிதம், ஓர் ஆள்கூட இல்லை. அற்புதம்!" என்றார். அன்று எனக்கு இரவுச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

மழை மட்டும் இலக்கணம் படிக்காமல் பெய்துகொண்டிருந்தது. பூரணி பாயைச் சுருட்டி மூலைக்கு மூலை நகர்ந்தாள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை துரை கொழுந்து பறிக்கும் மலைகளைப் பார்வையிட நடந்து போனார். திரும்பி வந்தபோது புதுக் கார் புல்வெளியில் நின்று நனைந்துகொண்டிருந்தது. கண்ணாடிகள் இறக்கியிருந்தபடியால் உள்ளேயும் நல்ல மழை. கொட்டகைக்குள் பூரணி பாய் விரித்து, அடுப்பு மூட்டி, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே அவளுடைய பன்னிரண்டு தகரங்கள் இருந்தன.

துரை ஆபீசுக்குள் பாய்ந்து வந்து, "யார் தள்ளியது?" என்று கத்தினார்.

அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. உடம்பு கூசிப்போயிற்று. அதோடு விட்டாரா? தள்ளினவனுக்குப் பத்துச்சீட்டு எழுது, இன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போகட்டும் என்றார். பத்துச்சீட்டு என்பது வேலையும் காம்பிராவும் ஒன்றாகப் போகிற சீட்டு. அதில் ஆளின் பெயர் எழுதியே ஆகவேண்டும். எவ்வளவு பண்பாடற்ற தஸ்தாவேஜு பாருங்கள்.

ஏழாம் நம்பர் லயத்து ஆட்கள் நாற்பது பேரும் ஆபீஸ் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். நான் துரைக்காகக் கேட்டேன்.

"காரத் தள்ளுனது யாரு?"

கந்தப்பன் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான். "கார் தள்ளப்பட்டதா கருதப்படுறத கவனிச்சோமுங்க."

"யாருன்னு கேக்கிறேன்!"

"தள்ளப்பட்டிருந்தா, எப்பிடி தள்ளப்பட்டுச்சுன்னு விசாரிக்கப்படுமுன்னு நம்பப்படுதுங்க" என்றாள் பேச்சியம்மா என்ற கிழவி. அவளுக்குத் தன் பெயரை எழுதக்கூடத் தெரியாது.

"ரொம்ப வருத்தம் தெரிவிக்கப்படுதுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாற்பது பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

என் கண்கள் கலங்கிவிட்டன. பதினோரு கடிதத்தையும் நான் வாசித்துச் சொன்னபோது இவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறார்கள்! எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் துரை.

"நம்முடைய கடிதங்களைச் சொல்கிறார்கள், சேர்" என்றேன்.

துரை கணக்குப் போட்டுப் பார்த்தார். பொலிசுக்குச் சொல்லலாம், ஆனால் கொட்டகைத் தகரம் எங்கிருந்து வந்தது என்று பொலிஸ் கேட்கும். பெயர் இல்லாமல் பத்துச்சீட்டும் எழுத முடியாது. கடைசியில், கார் வெளியேற்றப்பட்டது என்பதற்காக வருந்தப்படுகிறது என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டு, கார்மேல் பழைய படங்கு போர்த்தப்பட்டது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அடைமழையில், கொட்டகையில் பெண் குழந்தை பிறந்தது. தோட்டத்தில் பிறப்பு நடந்தால் ஆபீசிலிருந்துதான் பதிவாளருக்கு எழுதி அனுப்பவேண்டும். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். கொட்டகைக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிள்ளை கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் முழுத் திறமையையும் காட்டி எழுதி, பூரணிக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"'லயத்தின் தகரங்கள் அகற்றப்பட்டிருந்த காரணத்தால், மோட்டார் கொட்டகையில் பெண் குழந்தை ஒன்று பெறப்பட்டது.' எப்படி?"

பூரணி சிரித்தாள். "பெறப்படலீங்க ஐயா. நான் பெத்தேன். விடிஞ்சதுலேர்ந்து கத்திக் கத்திப் பெத்தேன். அஞ்சாம் நம்பர் லயம் வரைக்கும் கேட்டுச்சாம்."

நியாயமாகத்தான் பட்டது. வெட்டிவிட்டு, 'பூரணி பெற்றாள்' என்று எழுதினேன். பழக்கமில்லாததால், எழுதியதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

"அப்பிடியே அந்த முன்னால உள்ளதையும் திருத்திடுங்க" என்றாள்.

"எதை?"

"தகரம் அகற்றப்பட்டதுன்னீங்களே, அத." பாய்க்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "கூரய பிரிச்ச ஆளுங்க இந்தத் துண்டுச் சீட்ட கீழ போட்டுட்டுப் போய்ட்டாங்க. எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. ஆனா பதினோரு கடுதாசி பாத்திருக்கேன், இது யாரு எழுத்துன்னு தெரியும். எழுதுங்க ஐயா: தொர சொன்னாரு, கிளாக்கரய்யா புடுங்குனாரு."