வியாழன்வரை மழை வேண்டாம்

சபையே முழங்காலில் நின்று "கர்த்தாவே, மழை தாரும்" என்று அழுதுகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஞானசிகாமணி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வியாழக்கிழமை வரை வேண்டாம், ஆண்டவரே" என்று முணுமுணுத்தார்.

முன்னால் நின்று அந்த உபவாச ஜெபத்தை நடத்திக்கொண்டிருந்தது அவர் மனைவி ராகேல்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷக் கோடை. திருவனந்தபுரத்தைச் சுற்றிக் கிணறுகளில் வாளி தரையில் முட்டிய காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதன் மழைக்குப் பயப்படுகிறான் என்றால் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும். இருந்தது. அவர் வெட்டிய ஓடையில் இருந்தது.

வெள்ளைக் களிமண் தோண்டி முடித்த பழைய சுரங்கக் குழியை மண்ணிட்டு மூடி, மேலே மரக்கன்று நட்டு, மழைத் தண்ணீர் வடிய ஓடை வெட்டிக் கொடுக்கும் வேலை. ஞானசிகாமணிதான் சூப்பர்வைசர். ஓடை கிழக்கே ஓடும் தோட்டில், அந்தச் சிற்றாற்றில், போய்ச் சேர வேண்டும். சரிவு பார்த்த அன்று அவருக்குக் காய்ச்சல். ஓடை மேற்கே, காலனி வீடுகளைப் பார்த்துச் சரிந்துவிட்டது. காய்ந்து கிடக்கும்வரை அது யாருக்கும் தெரியாது. ஒரு நல்ல மழை பெய்தால் காலனிக்குள் வெள்ளம் ஏறும், அவர் வேலையும் அதோடு போகும்.

"வியாழக்கிழமை ஆபீசர் வந்து வேலை முடிஞ்சுன்னு கையெழுத்துப் போடட்டு. பொறவு ஜேசிபி அனுப்பி சரியாக்காம்" என்றார் காண்டிராக்டர் ஷிபு. "கையெழுத்து கிட்டல்லேன்னா நீங்க வேற வேலை நோக்கிக்கணும், சாரே."

ஐம்பத்தைந்து வயதில் வேறு வேலை எங்கே கிடைக்கும்? அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

இதற்கிடையில் மரக்கன்றுகள் கருகத் தொடங்கின. "அண்ணாச்சி, ஆபீசர் வந்தா மொதல்ல செடியத்தான் பாப்பாக" என்றான் வேலையாள் பிச்சைக்கனி. சரி என்று ஒரு டேங்கர் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து விட்டார்கள். வெயிலில் வெந்து கிடந்த மண் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. தண்ணீர் முழுக்க ஓடையில் இறங்கி, நேரே மேற்கே போய், காலனியில் நின்றது.

காலனிப் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். "எல்லாம் ராகேலக்கா ஜெபத்துக்குக் கிட்டின பலன்" என்று கும்பிட்டாள் செண்பகவல்லி. "நாளைக்கும் டேங்கர் வெள்ளம் விடுவியளா, சாரே?"

"பாப்போம்" என்றார்.

மறுநாள் ஓடையின் வாயில் மணல்மூட்டையை அடுக்கிவிட்டுத் தண்ணீர் விட்டார். அது குட்டையாகத் தேங்கியது. எந்த ஊர் எருமைகளோ, எப்படித்தான் மோப்பம் பிடித்தனவோ, மந்தையாக வந்து இறங்கிப் புரண்டன. பாதிக் கன்றுகள் மிதிபட்டுப் போயின. மீதியைப் பிடுங்கி வழியோரமாக நட்டு, வருகிறவர் கண்ணுக்குப் பச்சை தெரியும்படி செய்து வைத்தார்கள்.

வியாழக்கிழமை ஆபீசர் பாகீரதி வந்தார். கோட்டைப் பக்கத்து அக்கிரகாரத்து அம்மாள். பேரிலேயே கங்கையை வைத்திருந்தவர் கேட்டதும் தண்ணீரைத்தான்.

"ஓடை பாக்க நன்னாத்தான் இருக்கு. ஒரு டேங்கர் ஜலம் விட்டுக் காட்டுங்கோ. எந்தப் பக்கம் போறதுன்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஞானசிகாமணிக்கு எங்கிருந்தோ ஒரு பேச்சு வந்தது.

"மேடம், சனங்க குடிக்க வெள்ளமில்லாம கெடக்கு. நான் எப்படி அத ஓடையில கொட்டுவேன்?"

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாஸ்தவம். நான்தான் யோசிக்காம கேட்டுட்டேன். வேண்டாம். மொதல் மழை பெய்யட்டும், அன்னிக்கே வந்து பாத்துக்கறேன்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் மனிதர். வியாழனோடு முடிய வேண்டிய ஜெபம் இப்போது கெடு இல்லாமல் நீண்டது.

கையெழுத்து இல்லாமல் பணம் வராது, பணம் இல்லாமல் ஜேசிபி வராது என்று ஷிபு கையை விரித்துவிட்டார். ஞானசிகாமணியும் பிச்சைக்கனியும் சரிவை மாற்ற மண்வெட்டியோடு இறங்கினார்கள். வெட்டினால் மண்வெட்டிதான் எகிறியது.

"ஒரு மழை விழுந்தா மண்ணு எளகிரும் அண்ணாச்சி. ஈசியா வெட்டிரலாம்."

"அந்தப் பேச்சே வேண்டாம்."

உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, மறுபடி கொப்புளித்தது. அது வலிக்கவில்லை. உபவாசத்தில் உதடு வெடித்த ராகேல், தூரத்துக் குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் சுமந்து வருவதைப் பார்த்தால்தான் வலித்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவே அவருக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தினார். "இவ்வளவு ஜெபிச்சும் வானம் திறக்கல்ல. இந்தச் சபையில யாரோ எதிரா ஜெபிக்காங்க."

ஞானசிகாமணி தலையைக் குனிந்தார். முன்வரிசையில் ராகேலும் குனிந்தாள். தன் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவர் பயந்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம் ஓடை முடிந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். சமர்த்தாகக் கிழக்கே போயிற்று. பிச்சைக்கனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தார்.

ராகேல் அப்போதுதான் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ராகேலு, நான் துரோகி. நீ முழங்கால் தேய மழை கேட்ட நேரமெல்லாம், விழப்படாதுன்னு நான் ஜெபிச்சேன். ஓடை காலனியப் பாத்துச் சரிஞ்சு கெடந்துது. வேலை போயிருமேன்னு பயந்து ஒன்கிட்டயும் மறைச்சேன்." சொல்லிவிட்டுக் குழந்தையைப்போல அழுதார்.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். "ஓடை முடிஞ்சாச்சா?"

"இன்னைக்கு முடிஞ்சுது. கெழக்கதான் போவுது." அழுகை நின்றது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் ஒறக்கத்துல 'ஓடை மேக்க சரிஞ்சு போச்சே, மழை வரப்படாதே'ன்னு பொலம்பினா கூடப் படுத்திருக்கவளுக்குத் தெரியாதா?"

ராகேல் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அப்ப வாங்க, சர்ச்சுக்குப் போவோம். இத்தன நாளும் சபை கேக்க 'மழை தாரும்'னு சொல்லிட்டு, மனசுக்குள்ள 'இவரு ஓடை முடியுதவரை ஒரு சொட்டும் வேண்டாம்'னுதான் நானும் கேட்டேன். இனியாவது ரெண்டு பேரும் நெசமா கேப்போம்."