தெய்வம்மா பெயருக்கு ஓர் ஆள்

"கருப்பம்மா, நாளைக்கு ஒருநாள் மட்டும் நீ என் சம்சாரமா நிக்கணும்."

வீரையா இப்படிக் கேட்டதும் கருப்பம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். கோபப்படவில்லை.

"பெரட்டுக்குத்தானேண்ணே?"

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவது. சிலோனில் ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் பக்கத்து லயத்து வீட்டுக்காரி அவளுக்காக 'இருக்கேங்க' என்பாள். கங்காணி தலையைத்தான் எண்ணுவார், முகத்தை அல்ல. மூன்று தலைமுறையாக வந்த வழக்கம் அது. கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது.

கோத்தகிரிக்கு மேலே தகரக் கொட்டகையில் சிலோனிலிருந்து திரும்பிய முப்பது குடும்பங்கள் காத்திருந்தன. அரசாங்கம் போடும் புதுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் வீடும் உண்டு. மறுநாள் ஆபீசர் வந்து பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பார். ஆனால் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்கு நிற்க வேண்டும். ஒற்றை ஆளுக்கு வீடு கிடையாது. அரசாங்கத்துக்கு மனிதர்கள் ஜோடியாக இருந்தால்தான் புரியும்.

வீரையாவின் ஜோடி கப்பலில் வந்து இறங்கிய மண்டபம் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். குடும்ப அட்டையில் மட்டும் தெய்வம்மா, வயது இருபத்தெட்டு, இன்னும் உயிரோடு இருந்தாள். செத்துவிட்டாள் என்று சொன்னால் அட்டை திருத்தத்துக்கு மெட்ராஸ் போகும். அது திரும்புவதற்குள் பட்டியல் முடிந்துவிடும். ஆறு வயது மகள் வேணி கொட்டகைக் குளிரில் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணே. அப்ப நாளைக்குக் கருப்பம்மா யாரு?"

வீரையா அதை யோசிக்கவில்லை.

"சுப்பம்மாக்கா நிக்கட்டும்."

"சுப்பம்மாக்கா பேருக்கு?"

கடைசியில் டீக்கடை அன்னத்தைப் பிடித்தார்கள். பக்கத்துக் கேத்தி ஊர்க்காரி, பட்டியலில் இல்லாதவள். அவளுக்கு ஐம்பது வயது; நேரே தெய்வம்மாவாக நிறுத்த முடியாது. இப்படி ஒருவர் மாற்றி ஒருவராக ஏழெட்டு வயது ஏற்றினால் ஆபீசர் கண்ணுக்குத் தெரியாது என்பது வீரையாவின் கணக்கு.

"எனக்குக் கேரட் புடுங்கத்தானுங்க தெரியும்," என்றாள் அன்னம்.

"கொழுந்து கிள்ளுற மாதிரி காட்டினாப் போதும்மா."

மறுநாள் பனி விலகும் முன்பே ஜீப் வந்தது. ஆபீசரே ஓட்டி வந்தார். இறங்கியதும் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, பானெட்டில் கையை வைத்துக் குளிர் காய்ந்தார். கோட்டின் கை விரல்வரை தொங்கியது. இவ்வளவு எளிமையான ஆபீசரை யாரும் பார்த்ததில்லை.

முதலில் கொட்டகையோரத் தேயிலைச் செடிகளில் பெண்களைக் கொழுந்து கிள்ளிக் காட்டச் சொன்னார். அன்னம் ஒரு செடியின் தூரைப் பிடித்து இழுத்தாள். செடி வேரோடு வந்துவிட்டது. ஆபீசர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, நட்டு வெச்சிருங்க," என்று பட்டியலைப் பிரித்தார்.

"பழனியாண்டி சம்சாரம், கருப்பம்மா."

"இருக்கேங்க." இரண்டு குரல்கள். சொல்லிக்கொடுத்தபடி சுப்பம்மா சொன்னாள். பழக்கதோஷத்தில் கருப்பம்மாவும் சொல்லிவிட்டாள்.

ஆபீசர் நிமிர்ந்தார். பழனியாண்டி எப்படியாவது சமாளிக்கப் பார்த்தான்.

"ரெண்டு பேருமே என் சம்சாரந்தாங்கய்யா."

சுப்பம்மாவின் புருஷன் பொன்னுத்துரைக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது.

"டேய், அது என் பொண்டாட்டி."

"அப்ப நான் யாருங்க?" என்றாள் அவன் பக்கத்தில் நின்ற அன்னம்.

ஆபீசர் பென்சிலால் காதைச் சொறிந்தார். எந்தப் பெயரையும் அடிக்கவில்லை, எழுதவுமில்லை. அடுத்த பெயருக்குப் போனார்.

"வீரையா சம்சாரம், தெய்வம்மா."

பதில் இல்லை. நடுங்கிப்போயிருந்த கருப்பம்மாவுக்குத் தான் யாரென்பதே மறந்துவிட்டது.

"தெய்வம்மா."

சிலோனில் பத்து வருஷம் பெரட்டுக்களத்தில் அந்தப் பெயருக்கு ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பான குரல். வீரையாவின் காது தன்னையறியாமல் அதற்குக் காத்திருந்தது. வராது என்று தெரிந்தும் காத்திருந்தது. பிறகு அவனால் தாங்க முடியவில்லை. முன்னால் போய்க் கையைக் கூப்பினான்.

"அவ இல்லீங்கய்யா. மண்டபத்துல பொதைச்சிட்டு வந்துட்டேன். இவங்களெல்லாம் எனக்காக மாறி நின்னவங்க. அவங்க வீட்டை நிறுத்திராதீங்க. தப்பு என்னோடது. எம் பிள்ளைக்கு ஒரு கூரை கெடைக்கும்னுதான் இப்படிச் செஞ்சேன்."

மழை தகரத்தில் விழத் தொடங்கியது. உள்ளே வேணி இருமினாள். ஆபீசர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தெய்வம்மா பெயருக்கு நேரே நிதானமாக ஒரு டிக் போட்டார். கருப்பம்மா, சுப்பம்மா பெயர்களுக்கும் ஒவ்வொரு டிக் போட்டார். பிறகு வீரையாவின் தோளைப் பிடித்து ஜீப் ஓரமாக அழைத்துப் போனார்.

"மெதுவாப் பேசுங்கண்ணா. ஆபீசருக்குச் சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல். இன்னிக்கு யாருமே வரலைன்னா உங்க பட்டியலையே தள்ளிருவாங்கன்னுதான், அவரோட கோட்டை மாட்டிட்டு வந்தேன். நான் ஜீப் டிரைவருங்க."