பதினோராவது கட்டம்

பதினோராவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

பதவி உயர்வுப் படிவத்தின் முதல் பத்துக் கட்டங்களை உடலியங்கியல் இணைப் பேராசிரியர் ஒரே மூச்சில் நிரப்பியிருந்தார். பதினோராவது கட்டம் கேட்டது: 'தொழில்முறைச் சங்கப் பணி. உறுப்பினர் – 2 மதிப்பெண். பொறுப்பாளர் – 20. சான்றிதழ் கட்டாயம்.'

மணி ஒன்பதரை. நேர்காணல் இரண்டு மணிக்கு. காலியாக இருப்பது ஒரே ஒரு பேராசிரியர் நாற்காலி. அவர் ஓய்வு பெறவோ மூன்றே வருஷம். இன்று கோட்டை விட்டால் 'இணை' என்ற ஒட்டுடனேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மருத்துவக் கல்வியாளர் சங்கத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் 'டீ பிஸ்கட் சங்கம்'. உறுப்பினராகிப் பதினான்கு வருஷம். ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.

அடுத்த அறையை எட்டிப் பார்த்தார். அவரிடமே படித்து, இன்று அவருக்கே போட்டியாக நிற்கும் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பதினோராவது கட்டம் முடிச்சிட்டியாம்மா?"

"இடம் பத்தல சார், தனித்தாள் வெச்சிருக்கேன். வினாத்தாள் பயிலரங்கு, வெளியூர்க்காரங்களோட சேந்து எழுதுன நாலு கட்டுரை... பாடம் நடத்தவே சங்கத்துலதான் சார் கத்துக்கிட்டேன்."

"அப்ப நான் உனக்கு நடத்துனதெல்லாம்?"

"அதைப் பாத்துட்டுத்தான் சார் சங்கத்துல சேந்தேன். உங்களுக்கென்ன சார் கவலை!"

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார். உறுப்பினர் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால்கூடப் போதும். மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"சங்கத்துலேர்ந்து வர்ற கவரெல்லாம் எங்க?"

"வாஷிங் மெஷினுக்கு அடியில. ஆடுதுன்னு நீங்கதானே முட்டுக் குடுத்தீங்க?"

"ஒண்ணை உருவு."

"துணி ஓடிட்டிருக்கு."

"உருவுன்னா உருவு!"

கடகடவென்று சத்தம். பிறகு ஓர் அலறல். "உருவிட்டேன். மெஷின் நடந்து கூடத்துக்கு வந்துடுச்சு. குழாயும் பிடுங்கிக்கிச்சு. கவரெல்லாம் ஊறிக் கூழு. மூணு வருஷமா மாசாமாசம் தடிதடியா வந்துச்சே, ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்திருக்கக்கூடாதா?"

"அதுல என்ன இருக்கப்போகுது, பிஸ்கட் படமா?"

பதற்றத்தில் வியர்வைச் சுரப்பிகள் எப்படி வேலை செய்யும் என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். செய்முறை விளக்கம் இன்றுதான் வாய்த்தது. தொல்லை தாங்காமல் கைபேசியில் தடுத்து வைத்திருந்த சங்கத்தின் எண்ணைத் தோண்டி எடுத்து அழைத்தார். அலுவலகப் பெண் எடுத்தாள்.

"சான்றிதழா? செயலாளர் கையெழுத்து வேணுமே சார். அவரு வர்றதே இல்ல."

"வர்றதே இல்லன்னா?"

"மூணு வருஷமா ஆளைக் காணோம். லெட்டர் போட்டா பதில் இல்ல, ஃபோனும் எடுக்குறதில்ல. பொறுப்பை யாருமே ஏத்துக்க மாட்டேன்னதால, கூட்டத்துக்கு வராதவரு யாருன்னு பாத்து அவரைப் போட்டுட்டாங்களாம். நான் சேந்து ஒரு மாசம்தான் ஆகுது, பேர்கூடத் தெரியாது. இங்க எல்லாரும் 'தலைமறைவு'ன்னுதான் சொல்றாங்க."

"அந்த ஆளைத் தூக்க முடியாதா?"

"தூக்குனா தலைவரே கையெழுத்துப் போடலாம். இப்ப நிர்வாகக் குழு உள்ளதான் உக்காந்திருக்கு. ஆனா உறுப்பினர் யாராவது எழுத்துல புகார் குடுக்கணும் சார். பாவம்னு யாருமே குடுக்கல."

"பாவமா? இதோ, பேப்பரை எடுத்துட்டேன்."

மூன்று தாள் எழுதினார். 'இத்தகைய பொறுப்பற்ற மனிதரிடம் மாணவர்களை ஒப்படைத்திருப்பது மருத்துவக் கல்விக்கே அவமானம். இவர் எந்தப் பதவி உயர்வுக்கும் அருகதையற்றவர்.' அதிலும் மனம் ஆறவில்லை. கீழே கோடு போட்டுச் சேர்த்தார்: 'நகல்: மேற்படி நபர் பணிபுரியும் கல்லூரியின் முதல்வருக்கு. உடனடியாக.' படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அனுப்பினார்.

பத்தரை. பதினொன்றரை. பன்னிரண்டே முக்கால். கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒரு மணிக்கு அது அடித்தது.

"சார்! ஒருமனதாத் தூக்கிட்டாங்க. உங்க புகாரைப் படிச்சதும் உள்ள ஒரே சிரிப்பு. எதுக்குன்னுதான் தெரியல."

"என் நடை அப்படிம்மா."

"நகலையும் தலைவரே அந்தக் காலேஜுக்கு அனுப்பிட்டாரு சார். உங்க சான்றிதழ்லயும் தலைவர் கையெழுத்துப் போட்டுட்டாரு. 'உறுப்பினர்'னு."

இரண்டு மதிப்பெண்! அச்செடுத்துக் கோப்பில் செருகிக்கொண்டு நேர்காணல் அறைக்கு ஓடினார். உள்ளே முதல்வர் தலைமையில் ஐந்து பேர். முதலில் அந்தப் பெண் போனாள். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ எதையோ உரக்கப் படிப்பதும், தொடர்ந்து சிரிப்பும் கேட்டன. வெளியே வந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சிடுங்க சார், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

"என்ன தெரியும்னு?" என்று அவர் கேட்டபோது அவள் படியிறங்கிவிட்டாள்.

கதவு மறுபடி திறந்தது. அலுவலக உதவியாளர் வெளியே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், மூணு வருஷமா தலைமறைவா இருந்த செயலாளரும் நீங்கதானாம், அவரைத் தூக்கச் சொல்லி எழுதுனதும் நீங்கதானாம், இப்ப ரெண்டு பேர்ல யாரு உள்ள வர்றீங்கன்னு முதல்வர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."