குலசிங்கத்தார் ஆறு பெட்டிகளை வசப்படுத்திய படலம்

வாழ்க குலசிங்கத்தார்! திருகோணமலை உட்துறைமுக வீதியின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றிலே, பச்சைப் படலைக் கதவு போட்ட வீட்டின் தனிப்பெருந் தலைவரும், கந்தோரில் முத்திரை குத்துவதில் நிகரற்றவரும், ரிமோட்டின் பொத்தான்களைப் பாராமலே அழுத்தவல்ல பெருவிரலை உடையவரும், தயாளினி அம்மையாரின் கணவர் என்றே அயலெங்கும் அறியப்பட்டவருமாகிய அவ்வீரரின் புகழைப் பாடப் புகுமுன், மின்வெட்டைத் தடுக்கும் தெய்வம் எதுவோ அதை முதற்கண் வணங்குகிறோம். இன்றைக்கு மட்டுமாவது அது கண்ணயராதிருக்கட்டும்.

போர் மூண்ட காரணம் இது. தயாளினியின் தமையனார் சிவகுருநாதன், கனடாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய பெரும்பெட்டியினுள், வீட்டையே படமாளிகை ஆக்கவல்ல ஆறு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அவற்றை ஆளும் அம்பிளிபயர் ஒன்றும் இருந்தன. இப்போது விடுமுறையில் நாட்டுக்கு வந்திருந்த அவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகத் தொலைபேசியில் அறிவித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு சொல்லையும் விட்டார்.

"உங்களுக்கு ஏலாதெண்டால் வெக்கப்படாமல் சொல்லுங்கோ மச்சான். கப்பல்துறையிலை இராகுலன் நிக்கிறார்தானே. அவர் கொண்டுபோய்த் தன்ரை வீட்டிலை பூட்டட்டும்."

இராகுலன், கப்பல்துறை என்னும் அயலூரில் குடியிருக்கும் தயாளினியின் தங்கை கணவர். தண்ணீர் மோட்டரும் மின்விசிறியும் அவர் கைபட்டால் பேசாமல் ஓடும் என்பது குடும்பத்தில் பேச்சு. அந்தப் பெயர் குலசிங்கத்தாரின் நெஞ்சில் தைத்தது. அன்றைக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை. பெட்டிகள்மேல் அவருக்கு ஆசை இருந்தது உண்மை. அவை இராகுலன் வீட்டில் பாடக்கூடாது என்ற ஆசை அதைவிடப் பெரிது.

"மச்சான் வந்து இருக்கேக்கை, படத்திலை மழை பெய்தால் அவரின்ரை முதுகுக்குப் பின்னாலை பெய்யவேணும்" என்று குசினி வாசலில் நின்று சூளுரைத்தார். உள்ளே நண்டு கழுவிக்கொண்டிருந்த தயாளினி, "முதல் அந்த வயரை வழியிலையிருந்து எடுங்கோ" என்றார்.

ஞாயிறு விடிந்ததும் படை அணிவகுத்தது. முன்னணியில் மூன்று பெட்டிகள், பின்னணியில் இரண்டு, நிலமதிர உறுமும் பருத்த பெட்டி அலுமாரிக்குப் பக்கத்தில். நடுவே, அரியணையென ஒற்றைக் கதிரை. அனைத்தும் பொலித்தீன் உறையோடேயே நின்றன. துறைமுகக் காற்று உப்புக்காற்று. பூட்டைத் தின்னும், படலையின் பிணைச்சலைத் தின்னும், புதிய மின்விசிறியையும் ஈரிரு வருடத்தில் தின்றுவிடும். ஆதலால் அம்மனையில் புகும் எப்பொருளுக்கும் உறை கழற்றுவதில்லை என்பது தயாளினி அம்மையாரின் மாறாக் கட்டளை. ரிமோட்டும் உறையோடு, செற்றி இருக்கையும் உறையோடு, சுவர்க் கடிகாரமும் உறையோடு.

இனித்தான் பெருஞ்சமர். கதிரையில் இருப்பவரின் காது எங்கே இருக்குமோ அங்கே சிறியதொரு மைக்கை நிறுத்தவேண்டும். ஒவ்வொரு பெட்டியும் 'ஊஊப்' என்று முறைவைத்து ஓலமிட, மைக் அதைக் கேட்டு அம்பிளிபயருக்குச் சொல்ல, அம்பிளிபயர் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அவ்வளவு நேரமும் வீட்டில் ஊசி விழும் சத்தமும் ஆகாது. குலசிங்கத்தார் தலையணைகளை அடுக்கி மைக்கை முடிசூட்டினார், மின்விசிறியை நிறுத்தினார், மூச்சையும் ஏறக்குறைய நிறுத்தினார்.

முதற்பெட்டி வாய்திறந்த கணமே, பாண் விற்கும் ஓட்டோ தன் ஓயாத மெட்டை ஒலித்தவாறு ஒழுங்கைக்குள் புகுந்தது. 'சத்தம் அதிகம், மீண்டும் தொடங்கவும்' என்று திரையில் எழுத்து வந்தது. மீண்டும் தொடங்கினார். வாசலில் கிடந்த வெற்றுப்பெட்டியை ஊருக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று இழுத்துக் கிழித்தது. அதைத் துரத்திவிட்டு வியர்வை சொட்ட மீண்டு வந்து, கடைசிப் பெட்டிவரை வெற்றியோடு முன்னேறிய வேளையில், குசினிக்குள் எண்ணெய்ச்சட்டியில் கடுகு வெடித்தது. அவ்வளவுதான். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, நான் சமைக்கிறதோ, அதைக் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ?" என்று அம்மையார் வினவினார். எனினும் மனமிரங்கி அடுப்பை அணைத்தார். அடுத்த முறை பகையேதும் குறுக்கிடவில்லை. திரையில் 'நிறைவுற்றது' என்று எழுத்து வந்ததும், குலசிங்கத்தார் வெற்றிவாகை சூடிக் குளிக்கப் போனார்.

குளித்து வந்து பார்த்தால் ஆறு பெட்டிகளும் உறையின்றிப் பளபளவென்று நின்றன. செற்றியும் அப்படியே.

"அண்ணா கனடாவிலையிருந்து வாறார். பொலித்தீனோடை பாத்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? எல்லாத்தையும் கழட்டிப்போட்டன்" என்றார் தயாளினி.

குலசிங்கத்தார் மழைக்காட்சியொன்றைப் போட்டுப் பார்த்தார். உறைக்குள்ளிருந்து கேட்கவேண்டுமென்று உச்சத்தொனியெல்லாம் கூட்டிவைத்திருந்த இயந்திரம், இப்போது மழையைத் தகரத்தில் கொட்டிய ஆணிகளாகப் பொழிந்தது. வேறு வழியில்லை. மைக்கை மீண்டும் முடிசூட்டி, பொத்தானை அழுத்தி, முதல் ஓலம் எழுந்ததுதான் தாமதம், படலையைத் திறந்துகொண்டு சிவகுருநாதன் முற்றத்தில் கால்வைத்தார்.

வீட்டுக்கு வந்தவரை 'வாங்கோ' என்று சொல்லாமல் நிறுத்துவது எதிரிக்கும் செய்யாத கொடுமை. மனைவியின் தமையனுக்குச் செய்தால் அது ஆயுட்காலப் பழி. இதெல்லாம் தெரிந்தும் குலசிங்கத்தார் வெறுங்காலோடு வாசலில் நின்று, நிமிர்ந்த கையால் அவரை மறித்தார். அண்ணா என்று கூவ வாயெடுத்த தயாளினி, கணவரின் முகத்தைப் பார்த்தார். அங்கே கண்ட கெஞ்சலைத் தாங்கமாட்டாமல் இரு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். வெட்கம் அவரைக் கொன்றது. குலசிங்கத்தாரையும்தான்.

சிவகுருநாதன் கண்டது வேறு. பேச்சில்லாத வீடு, ஓரத்துக்கு ஒதுக்கிய செற்றி, வாய்பொத்தி நிற்கும் தங்கை, உள்ளேயிருந்து வரும் ஒருவகை ஓலம். அவர் மெல்லச் செருப்பைக் கழற்றினார். தலையைக் குனிந்து, இரு கையையும் முன்னே கோத்து, முற்றத்திலேயே ஓசைப்படாமல் நின்றார். ஆறாவது பெட்டி உறுமி ஓய்ந்து, திரையில் 'நிறைவுற்றது' என்று வந்த பின்னர், அருகே வந்து மச்சானின் தோளைத் தொட்டார்.

"ஆர் மச்சான்? எப்ப நடந்தது?" என்றார் தழுதழுத்து.

விளக்கம் சொல்லி முடியச் சற்று நேரம் பிடித்தது. அதன்பின் சிவகுருநாதன் அரியணையில் அமர்த்தப்பட்டார். மழை பெய்தது. எட்டுத்திசையும் முழங்க, கொட்டியாரக்குடாவே கரைமேவி வந்து கூடத்தை வளைத்துக்கொண்டதோ என அயலார் ஐயுற, அவர் முதுகுக்குப் பின்னால் துல்லியமாகப் பெய்தது. அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். "நல்லாத்தான் பூட்டியிருக்கிறியள். இராகுலனுக்கு வேறை ஏதும் பாப்பம்" என்ற தீர்ப்பு அவர் திருவாயினின்றும் மலர்ந்தபோது, குலசிங்கத்தாரின் மார்பு சட்டைப்பொத்தான் தெறிக்குமளவுக்கு விரிந்தது. வென்றார், வென்றார், உட்துறைமுகத்துக் கோமான் வென்றார் என்று நாம் பரணி பாட வாயெடுத்த அந்நேரம், சிவகுருநாதன் தங்கையின் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டார்.

"இப்ப உதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ மச்சான். தங்கச்சியோடை கதைக்க ஏலாமல் கிடக்கு."

குலசிங்கம் ரீவியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுக்கக் குசினிக்குப் போனார்.