பிழை திருத்துபவர் ஆற்றில் இறங்கினார்

“…அக்கறை இல்ல. ஞாபகம் இருக்கட்டும்” என்றது போன். அப்புறம் கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

பிழை திருத்துபவர் சிவப்புப் பேனாவை மூடாமலேயே சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

குரல் மனைவியுடையதுதான். ‘பாலத்துக்குக் கீழ’ என்பதும் ‘வாங்க’ என்பதும் காதில் விழுந்திருந்தன. மற்றதை இரைச்சல் தின்றுவிட்டது. கடைசியில் இது.

திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. எண்ணும் அவளுடையது அல்ல. யாரிடமோ போனை இரவல் வாங்கிச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொல்லும்வரைகூடப் பொறுக்க முடியாத அளவுக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது.

ஊருக்கு நடுவில், பேருந்து நிலையத்துக்கும் துணிக்கடைகளுக்கும் கீழே, ஓர் ஆறு பள்ளம் பறித்துக்கொண்டு ஓடியது. பாலத்தில் போகிறவர்களுக்கு மரங்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அந்தப் பள்ளத்துப் பூங்காவுக்குள் இறங்கி, ஒவ்வொரு பாதையாக நடந்து பார்த்து வந்தாள். “நீங்களும் வாங்களேன்” என்பாள். “இந்த அத்தியாயத்தை முடிச்சுக்கறேன்” என்பார். அவள் தனியாகப் போவாள். வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் இருப்பதையும், அதன் வேரில் இரண்டு பேர் சாய்ந்து உட்காரலாம் என்பதையும் சொல்வாள்.

“ம்” என்பார்.

அந்த ‘ம்’ அந்த வீட்டில் ஒரு பீரோ மாதிரி. இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தாள். போன வாரம், “அக்கா வந்து கொஞ்ச நாள் இருன்னு கூப்பிடறா” என்றபோதும் ‘ம்’ தான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று இப்போதுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

அச்சகத்தில் அவருக்குக் ‘கழுகு’ என்று பெயர். தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றில் மரங்களெல்லாம் மறங்களாக அச்சேறவிருந்ததைக் கடைசி நேரத்தில் தடுத்தவர். அந்தக் கண்ணுக்கு மனைவியின் முகத்தில் இருந்தது தெரியாமல் போயிற்றே.

சொல்லத்தான் வராது. காட்டிவிடலாம்.

குடையை எடுத்தார். சால்வை. அவள் வெந்நீர்தான் குடிப்பாள், ஃபிளாஸ்க். மூட்டுக்குத் தைலம். பெஞ்சு ஈரமாக இருந்தால்? நாற்காலி மெத்தைகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கத்துப் படிகளில் இறங்கினார். அந்த மரம் அங்கேதான் இருக்கிறது என்பதை மறக்கவில்லை. அதுவே அக்கறைக்கு ஒரு சாட்சிதானே?

ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்து நின்றார்.

“என்ன சார், வீடு காலி பண்றீங்களா?”

“காலியாகாம பாத்துக்கத்தான்” என்றார் பிழை திருத்துபவர்.

மரம் இருந்தது. வேர் இருந்தது. அவள் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஆற்றுக்கு எதிர்ப்புறம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பூங்காத் தோட்டக்காரர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

பிழை திருத்துபவரைக் கண்டதும் அவள் எழுந்து இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினாள். வேண்டாம், போய்விடு என்பது போல.

நடுவில் தண்ணீர் பாறைகளில் மோதி இரைந்தது. பிழை திருத்துபவர் வாழ்நாளில் சத்தம் போட்டதில்லை. போட்டார்.

“எனக்கு அக்கறை இருக்கு!”

அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். காற்று அதில் பாதியைத்தான் கொண்டுவந்தது. “…அக்கறை இல்ல! அதான் சொன்னேனே… அக்கறை இல்ல!”

“இருக்கும்மா!”

“இல்லைங்க!”

ஓடுகிறவர் இன்னும் போகவில்லை. “ஏதாவது தொலஞ்சு போச்சா சார்? நீங்க இருக்குங்கறீங்க, அவங்க இல்லைங்கறாங்க.”

பிழை திருத்துபவர் குடையை உயர்த்திக் காட்டினார். சால்வையை விரித்துக் காட்டினார். ஃபிளாஸ்க்கைக் காட்டினார். மெத்தைகளைக் காட்டுவதற்காகக் கக்கத்திலிருந்து எடுத்தபோது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்தாள்.

அழுகிறாள்.

பாலம் ஏறிச் சுற்றிவரலாம். அதற்குள் அவள் போய்விட்டால்? பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

முழங்கால் ஆழம்தான். ஆனாலும் முதலில் குடை போயிற்று. அதைப் பிடிக்கப் போனதில் ஒரு செருப்பு போயிற்று. செருப்பைத் தேடியதில் ஃபிளாஸ்க்கும் தைலமும் போயின. மெத்தைகள் இரண்டும் ஜோடி வாத்துகளைப் போல முன்னும் பின்னுமாக மிதந்து சென்றன. பாசியில் கால் வழுக்கி, நட்டாற்றில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். கையில் மிஞ்சியது நனைந்த சால்வை.

இனிக் காட்ட ஒன்றும் இல்லை. சொல்லத்தான் வேண்டும்.

“அந்த மரத்தப் பாத்தேம்மா. வேர்ல ரெண்டு பேர் சாஞ்சு உக்காரலாம்னு சொன்னியே. நீ சொன்னதெல்லாம் எனக்குள்ளதான் இருக்கு. திருப்பிச் சொல்லத்தான் வரல. ஞாயித்துக்கிழமை நீ கிளம்பிப் போனப்புறம் நான் ஒரு பக்கம்கூடத் திருத்தினதில்ல. ஜன்னல்கிட்ட நின்னு நீ பாலத்துல வர்றியான்னே பாத்துட்டிருப்பேன். கதவு சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பேனாவ எடுத்துக்குவேன். அக்கா வீட்டுக்குப் போகாதம்மா.”

அவள் அதற்குள் தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். அவர் நெஞ்சைத் தொட்டாள்.

“இது என்னங்க, ரத்தம்?”

குனிந்து பார்த்தார். “மை.”

அவள் மூச்சு விட்டாள். பாறையில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அக்கா கூப்பிட்டது ரெண்டு பேரையும்தாங்க” என்றாள். “நீங்க இல்லாம நான் எங்க போய் இருக்கப் போறேன்?”

“அப்ப நான் இனிமே ஞாயித்துக்கிழமை வரலாமா?”

“ம்” என்றாள் அவள். அவர் கையை விடாமலேயே எழுந்தாள்.

பெஞ்சுக்கு வந்து சேர்ந்ததும், எதிரே மண்சரிவில் இருந்த ஒரு பொந்தைக் காட்டினாள். “மீன்கொத்தி கூடு வச்சிருக்கு. இதக் காட்டத்தான் கூப்பிட்டேன். நீங்க போட்ட சத்தத்துல பறந்துடுச்சு. பேசாம இருந்தா வரும்.”

பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. இருவரும் சால்வையின் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நீலமாக ஒன்று தண்ணீரை உரசிக்கொண்டு வந்து, வாயில் மீனோடு ஒரு கிளையில் அமர்ந்து, இவர்களை நம்பலாமா என்று யோசித்தது.

பிழை திருத்துபவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அவள் தோள் அவர் தோளில் சாய்ந்திருந்தது. அப்படியொரு போனை அவள் செய்யாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தார். எவ்வளவு கோபமாக இருந்தாலும் சொல்லிவிட்டாளே, அது பெரிய மனசு.

தோட்டக்காரர் ஒதுங்கிக் கிடந்த மெத்தைகளைப் பிழிந்து பெஞ்சில் வைத்தார். பறவைக்குக் கேட்காதபடி குனிந்து, பிழை திருத்துபவரின் காதருகே கேட்டார்:

“அம்மா என் போன்லதான சார் பேசினாங்க? ‘அக்கரை இல்ல, ஞாபகம் இருக்கட்டும், இந்தக் கரைதான்’னு அவ்வளவு தெளிவாச் சொன்னாங்களே, அப்புறம் ஏன் சார் நீங்க அக்கரைக்குப் போனீங்க?”